செட்டிநாட்டு வீட்டில் தெள்ளுப்பூச்சி: எதைப் பார்த்தால் என்ன செய்வது

நாய்க்கு மருந்து போட்டாச்சு, வீட்டுக்கும் மருந்து அடிச்சாச்சு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கணுக்காலில் சுருக்கென்று கடி. தெள்ளுப்பூச்சியோடு மல்லுக்கட்டும் எல்லா வீட்டிலும் இதே புலம்பல்தான். மருந்துக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். நாயின் மேல் ஓடும் பூச்சி மொத்தக் கூட்டத்தில் சிறு பங்கு. மிச்சமெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுக்குள்ளும் தரையில் கிடக்கிறது.

கடிக்கத் தொடங்கிய ஓரிரு நாளில் பெண் தெள்ளு முட்டையிட ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை போடும். அந்த முட்டை முடியில் ஒட்டுவதில்லை. நாய் படுக்கும் இடம், நடக்கும் இடம் எல்லாம் உதிர்ந்துகொண்டே போகும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் இடுக்குக்குள் ஓடிவிடும். அதற்குச் சாப்பாடு, பெரிய தெள்ளுகள் கழித்துப் போட்ட காய்ந்த ரத்தத் துகள். வளர்ந்ததும் பட்டு நூல்போல ஒன்றை நூற்றுக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, மருந்தும் உள்ளே போகாது. வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து பூச்சி வரைக்கும் மூன்று வாரமே போதும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு தொல்லை கூடுவது இதனால்தான்.

இனி உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதைப் பார்த்துப் படியுங்கள்.

நாய் ஓயாமல் சொறிகிறது, பூச்சி கண்ணில் படவில்லை

வீட்டில் பழைய பேன் சீப்பு, இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பல் வைத்தது, இருந்தால் எடுங்கள். செல்லப்பிராணிக் கடையில் விற்கும் சீப்புக்கு அது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வால் தொடங்கும் இடம், அடிவயிறு, தொடை உள்பக்கம், கழுத்து என்று சீப்பைத் தோலோடு ஒட்டி மெதுவாக இழுங்கள். பூச்சி மாட்டினால் உடனே தண்ணீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிக்கும், சோப்பு கலந்தால் மூழ்கிவிடும்.

பூச்சி மாட்டாமல் கரும்பொடி மட்டும் சீப்பில் வந்தால் அதைத் தூசி என்று தட்டிவிடாதீர்கள். பழைய வெள்ளை வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, அந்தப் பொடியை அதில் கொட்டி விரலால் லேசாக அழுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் பரவினால் அது தெள்ளு கழித்த ரத்தம். கறுப்பாகவே இருந்தால் மண். பூனைக்கு இந்தச் சோதனைதான் நம்பகம், ஏனென்றால் பூனை நக்கி நக்கியே பூச்சியைத் தின்றுவிடும், நமக்குப் பிடிபடாது.

தெள்ளா உண்ணியா என்ற குழப்பம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது முக்கியம். உண்ணி காது மடலிலும் விரல் இடுக்கிலும் கடித்தபடி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், ரத்தம் குடித்து உப்பிப் போகும், கீழே விழுந்தால் சுவரேறி உத்தரத்து இடுக்கில் ஒளியும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, கரும்பழுப்பாக இருக்கும். முடியைப் பிரித்ததும் ஓடும், விரலில் சிக்காது, துள்ளும். அது தங்குவது தரையில். சுவர் முழுக்க மருந்து அடித்துவிட்டுத் தரை ஓரத்தை விட்டுவிட்டால் காசுக்குப் பிடித்த கேடு.

கணுக்காலில் மட்டும் கடிக்கிறது

முழங்காலுக்குக் கீழே, இரண்டு மூன்றாகச் சேர்ந்தாற்போல் சிவந்த தடிப்பு, நடுவில் ஊசி குத்தினாற்போல் புள்ளி. இது பெரும்பாலும் தெள்ளு. படுத்து எழுந்ததும் முதுகிலும் கையிலும் தடிப்பு இருந்தால் கட்டிலைப் புரட்டி மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள்.

உறுதி செய்ய ராத்திரி ஒரு வேலை செய்யலாம். அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, அதற்கு மேல் ஒரு மேஜை விளக்கைத் தாழ்வாகத் திருப்பி வையுங்கள். மற்ற விளக்கை அணைத்துவிடுங்கள். வெதுவெதுப்புக்கும் வெளிச்சத்துக்கும் வந்து துள்ளுகிறவை தட்டில் விழுந்து கிடக்கும். வளவு என்கிற திறந்த முற்றத்தின் நடுவில் வைத்துப் பயனில்லை. பட்டாலைக் கூடத்தின் ஓரம், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சாமான் அடுக்கியிருக்கும் மூலை, நாய் படுக்கும் இடம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். எந்த இடத்துத் தட்டில் அதிகம் விழுகிறதோ அதுதான் பூச்சியின் இருப்பிடம். தட்டு வைத்தே எல்லாவற்றையும் ஒழித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், இது துப்பறியும் வேலைக்கு மட்டும்.

வீட்டில் நாயோ பூனையோ இல்லாமலே கடிக்கிறதா? அப்படியானால் யாரோ கொண்டு வருகிறார்கள். ஓட்டின் மேல் நடந்து வளவில் குதிக்கும் தெருப்பூனை, பின்கட்டில் ஒதுங்கும் ஆடு, எலி, பெருச்சாளி. தெருப்பூனை பழைய வண்டிக் கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ குட்டி போட்டிருந்தால் அங்கேயே பண்ணை வைத்தாயிற்று என்று அர்த்தம்.

எலி விஷயத்தில் வரிசை மாறக்கூடாது. விஷம் வைத்து எலி செத்ததும் அதன் மேலிருந்த தெள்ளுகள் உடம்பு குளிர்வதை அறிந்து இறங்கிவிடும், அடுத்த சூடான உடம்பு நம்முடையது. எலித் தெள்ளு மனிதருக்கு ஒருவகை டைஃபஸ் காய்ச்சலைக் கொடுக்கக்கூடியது. அதனால் முதலில் தரைக்கும் வளை வாய்க்கும் பூச்சி மருந்து, அப்புறம் எலிக்கூண்டு. செத்த எலியை வெறும் கையால் எடுக்காதீர்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் ஏறுகிறது

செட்டிநாட்டுக்கே உரிய தொல்லை என்றால் இதுதான். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் பாதி வீடுகள் வருஷத்தில் பல மாதம் பூட்டுப் போட்டுத்தான் கிடக்கின்றன. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ பிள்ளையார் நோன்புக்கோ வருகிறார்கள். முகப்பைத் திறந்து உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, குழந்தைகள் காலைத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். "ஆறு மாசமா ஆளே இல்லாத வீட்ல எப்படிய்யா இவ்ளோ பூச்சி?" என்று ஆச்சி கேட்க, "தெரியலையே ஆச்சி, போன வாரம் கூட்டும்போது ஒண்ணுமே இல்லையே" என்று வாட்ச்மேன் தலையைச் சொறிவார். அவர் சொன்னது பொய்யில்லை.

கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு முழு வளர்ச்சி அடைந்த பிறகும் உடனே வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆளில்லாத வீட்டில் வெளியே வந்தால் பட்டினிதான். தரை அதிர்வது, வெதுவெதுப்பு, மூச்சுக் காற்றின் கரியமில வாயு, இவைதான் அதற்கு அழைப்பு. ஒருவர் மட்டும் வாரம் ஒரு தடவை வந்து கூட்டிப் போகும்போது கொஞ்சமாக வந்தது, முப்பது பேர் ஒரே நேரத்தில் நடக்கும்போது மொத்தமாக வந்துவிடுகிறது.

எனவே விசேஷத்துக்கு முந்தின நாள் மருந்து அடிப்பது வீண். குறைந்தது மூன்று நான்கு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

முதலில் பூச்சியைக் கூட்டிலிருந்து வெளியே வரவழைக்க வேண்டும். நாலு பேரை வைத்து எல்லா அறையையும் திறந்து, சாமானை நகர்த்தி, நடமாடச் சொல்லுங்கள். முழுக்கால் சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளட்டும். வெள்ளை சாக்ஸ் என்றால் எங்கே ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் வேக்குவம் கிளீனர். வாடகைக்கு வாங்கினாலும் சரி, இதற்குத் துடைப்பம் ஈடில்லை. துடைப்பம் முட்டையை மூலைக்குத் தள்ளும், உறிஞ்சி எடுக்காது. மிஷினின் அதிர்வே கூட்டைத் தட்டி எழுப்பும் என்பது கூடுதல் லாபம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழவழவென்று இருப்பதால் அதன் மேல் ஒன்றும் தங்காது. கல்லுக்கும் சுவருக்கும் இடையே உள்ள ஓரம், தேக்குத் தூணின் அடி, நிலைப்படி இடுக்கு, பெட்டகத்துக்கு அடியில், மாடிப்படி மூலை, பத்தாய அறையில் சாக்கு அடுக்கிய இடம், இவைதான் பார்க்க வேண்டியவை. வெயில் நேராக விழும் வளவு நடுவில் புழு பிழைக்காது, அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். உறிஞ்சிய குப்பையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள். பையை மிஷினிலேயே விட்டால் அது பூச்சிப் பெட்டியாகிவிடும்.

பழைய சாக்கு, கிழிந்த பாய், பஞ்சு வெளியே வந்த மெத்தை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். "தாத்தா காலத்துச் சமக்காளம்" என்று மனசு வராததை மொட்டை மாடியில் வெயிலில் விரித்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் போடுங்கள். புழு வறட்சி தாங்காது. துவைக்கக் கூடிய துணியைக் கொதிநீர் ஊற்றித் துவைப்பது அதைவிட நல்லது.

மருந்து அடிக்கப் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பூச்சியைக் கொல்லும் மருந்தோடு, வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கிறதா?" பைரிப்ராக்சிஃபென், மெத்தோபிரீன் இந்த வகை. இவை முட்டையும் புழுவும் பூச்சியாகாமல் நிறுத்தும், வாரக்கணக்கில் வேலை செய்யும். வெறும் கொல்லி மருந்து மட்டும் அடித்தால் அன்றைக்கு நிம்மதி, கூட்டிலிருப்பது பின்னால் வந்து சேரும். மருந்து காயும் வரை ஆளும் பிராணியும் உள்ளே வேண்டாம். மீன் தொட்டி இருந்தால் அப்புறப்படுத்துங்கள், இந்த மருந்துகள் பலவும் மீனுக்கு ஆகாது. அடித்த மறுநாளே அலம்பித் தள்ளிவிடாதீர்கள். ஆனால் ஓரங்களை உறிஞ்சுவதை மட்டும் நிறுத்தக்கூடாது.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்தது. ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் ஊற்றாதீர்கள், நிறம் போய்விடும். உப்புத் தூவச் சொல்வார்கள், அது ஈரத்தை இழுத்துத் தரையில் பூத்துக் கிடக்கும். பூச்சி போவதற்கு முன் தரை போய்விடும்.

மருந்து போட்டும் பூச்சி தென்படுகிறது

முதலில் பதறாமல் சீப்பை எடுங்கள். பூச்சி இருக்கிறது, ஆனால் ரத்தக் கழிவுத் துகள் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, பூச்சியும் ஒல்லியாகச் சிறிதாக இருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது. தரையிலிருந்த கூடு உடைந்து புதிதாக ஏறியவை அவை. ரத்தம் குடித்து முட்டையிடும் முன்பே செத்துப்போகும். இந்த நிலை இரண்டு வாரமும் நீடிக்கலாம், அடர்ந்த தொற்றாக இருந்தால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அந்தச் சமயத்தில் மருந்தை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றையும் பாழாக்குவது. நாயையும் பூனையையும் வீட்டை விட்டு ஒதுக்கி வைப்பதும் தப்பு. மருந்து போட்ட நாய் வீட்டுக்குள் நடமாடினால் கூட்டிலிருந்து வருகிறவை அதன் மேல் ஏறிச் சாகும்.

துகள் குறையவே இல்லையா? அப்போது இந்தக் காரணங்களைத் துருவிப் பாருங்கள்.

முதுகில் சொட்டும் மருந்தை முடியின் மேல் ஊற்றியிருக்கலாம். முடியை வகிர்ந்து தோலின் மேல், நாக்கு எட்டாத பிடரியில் விட வேண்டும். ஃபிப்ரோனில் சொட்டு என்றால் போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக்கூடாது. கண்மாயில் நீச்சலடிக்கும் நாய்க்கு இது கணக்கில் வராமல் போய்விடும்.

பெரிய நாயின் மருந்தை இரண்டாகப் பிரித்துச் சின்ன நாய்களுக்குப் போடுவது இன்னொன்று. எடைக்குத் தக்க அளவு போகாமல் ஒன்றும் நடக்காது, சில சமயம் நச்சும் ஆகிவிடும்.

வீட்டில் மூன்று பிராணி இருந்தும் சொறிகிற ஒன்றுக்கு மட்டும் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சொறியாத பூனைதான் பெரும்பாலும் கிடங்கு. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடுங்கள், மாதம் தவறாமல் போடுங்கள்.

கடைசியாக, போட்டது உண்ணிக்கும் சொறிக்கும் கொடுக்கிற அமிட்ராஸாக இருக்கலாம். தெள்ளுக்கு அதை நம்பியிருக்க முடியாது. மாட்டு உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கமும் ஊர்ப்பக்கம் உண்டு. அளவு தெரியாமல் செய்கிற இந்த வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அஃபோக்சலேனர், ஃப்ளூரலேனர் போன்ற வாய்வழி மாத்திரைகள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன, குளிப்பாட்டினாலும் பலன் போகாது. வலிப்பு வரும் நாய் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இவற்றைக் கொடுக்கக்கூடாது.

நாய்க்குப் போட்டது பூனைக்கும் போட்டுவிட்டோம்; எச்சில் வடிகிறது, நடுங்குகிறது

மேற்கொண்டு படிக்க வேண்டாம், பூனையைத் தூக்குங்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்திலும் பவுடரிலும் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் உடம்பால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மருந்து பட்ட இடத்தைக் கழுவி, துடைத்து, துணி சுற்றி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஏற்கெனவே வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேரே புறப்படுங்கள். பூனைக்கு அமிட்ராஸும் ஃபினாயிலும்கூட ஆகாது. பெட்டகத்தில் போடும் பாச்சை உருண்டையை நாய், பூனையின் படுக்கைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

குட்டி துவண்டு கிடக்கிறது

ஈறைத் தூக்கிப் பாருங்கள். ரோஜா நிறமாக இல்லாமல் வெளுத்திருந்தால் பூச்சி ரத்தத்தை உறிஞ்சித் தள்ளிவிட்டது. சின்னக் குட்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. போகும் வழியில் சூடாகப் போர்த்தி வையுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு மருந்து பலவும் போட முடியாது. சீப்பால் சீவி எடுப்பதும், மருத்துவர் சொன்னால் மிதமான சோப்பில் குளிப்பாட்டி உடனே துடைத்து உலர வைப்பதும்தான் வழி. தாய்க்கும் படுக்கைத் துணிக்கும் சேர்த்துப் பாருங்கள்.

வாலடியில் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது

தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். இடுப்பிலிருந்து வால் வரை கடித்துக் கடித்து முடி போய், தோல் கறுத்துத் தடித்துவிடும். இதற்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம், அரிப்பை அடக்கவும் புண்ணுக்கும் மருத்துவர் மருந்து தருவார். இப்படிப்பட்ட நாய்க்குப் பூச்சித் தடுப்பு வருஷம் முழுக்க வேண்டும்.

மலத்தில் அரிசிமணி மாதிரி

நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளைக் கடித்து விழுங்குவதால் வருகிறது. பிராசிகுவாண்டல் கலந்த மாத்திரை புழுவைப் போக்கும், தெள்ளு இருக்கும் வரை மறுபடியும் வரும்.

அவர் இதைச் சொன்னார், இவர் அதைச் சொன்னார்

வேப்பெண்ணெய் கொஞ்சம் விரட்டும், ஒழிக்காது. மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்து போகும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். புகையிலைத் தண்ணீர் விஷம். பூண்டை அரைத்துக் கொடுப்பது நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும். வேப்பெண்ணெயைத் தவிர இந்தப் பட்டியலில் எதையும் நான் தொடச் சொல்ல மாட்டேன், அதையும்கூடப் பூனை மேல் வேண்டாம்.

வீட்டுக்குள் சரியாகிவிட்டது, தோட்டத்துக்குப் போனால் ஒட்டுகிறது

கொல்லைப்புறத்தில் எல்லா இடமும் குற்றவாளி இல்லை. வெயில் காயும் செம்மண் முற்றத்தில் புழு பிழைக்காது. மாமரத்தடி, கிணற்றடிக்குப் பக்கத்து நிழல், வைக்கோல் போர் அடி, ஆட்டுக் கொட்டில், நாய் தோண்டிப் படுக்கும் பள்ளம், இங்கேதான் இருக்கும். சருகை வாரி அகற்றி, கொப்பை வெட்டிவிட்டு வெயிலை உள்ளே விடுங்கள். ஆட்டுக் கொட்டிலில் எருவை அடியோடு வாரி, தரை காயும்படி விடுங்கள். ஆட்டுக்கு மருந்து என்றால் பால், இறைச்சி கணக்கைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே போட வேண்டும். வாட்ச்மேன் வளர்க்கும் நாயையும் கணக்கில் சேருங்கள். மாதாமாதம் அதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டால், அடுத்த விசேஷத்துக்கு வரும்போது பாதி வேலை மிச்சம்.

கடிபட்டவர்களில் யாருக்காவது ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் உடம்பில் தடிப்பும் வந்தால் மருத்துவரிடம் போகும்போது "வீட்டில் எலியும் தெள்ளும் இருந்தது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.